அவரவர் மூக்குக்கு அவரவர் மருந்து
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இம்மேடையிலே புலவர் பெருமக்கள் கம்பனையும் இளங்கோவையும் பற்றி விருந்து படைத்துச் சென்றார்கள். விருந்துக்குப் பின் சுக்குக் கஷாயம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அந்தக் கஷாயமாகவே என் பேச்சை ஏற்றுக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் தும்மல். நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். அலுவலகத்தில் பேரேடு எழுதுகிறவன். பேரேடு எழுதுகிறவனுக்கு இந்த நோயைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இந்த நோய்க்கு மருந்து தேடுவதில் பாதி வேலை பேரேடு எழுதுவதே என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி.

தும்மல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மூன்று குறள்களில் தும்மலை வைத்திருக்கிறார். தும்மினவரை நீடு வாழ்க என்று வாழ்த்தும் வழக்கமும், யாரோ நினைத்தால் தும்மல் வரும் என்னும் நம்பிக்கையும் அக்காலத்திலேயே இருந்தன என்று அவற்றால் அறிகிறோம். இங்கே நம் தெலுங்கு அண்டை வீட்டாரும் குழந்தை தும்மினால் "சிரஞ்சீவ" என்கிறார்கள். ஆனால் காலையில் எழுந்தது முதல் அடுக்கடுக்காக இருபது தும்மல் போடுகிறவரை எத்தனை முறைதான் வாழ்த்துவது? அவருக்கு வேண்டியது வாழ்த்தன்று, வழி.

நோயின் பெயரும் தன்மையும்

மேனாட்டார் இந்நோய்க்கு வைக்கோல் காய்ச்சல் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். வைக்கோல் இதற்கு மூலகாரணமன்று. இதிலே காய்ச்சலும் இல்லை. பிழையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தமிழ் மருத்துவ நூல்கள் ஒவ்வாமை மூக்கழற்சி என்கின்றன. சித்த மருத்துவர்கள் பீனிசம் என்னும் தலைப்பிலே இதையொத்த குறிகளைச் சொல்வார்கள்.

குறிகளை நீங்கள் அறிவீர்கள். தொடர் தும்மல், தண்ணீர் போல் ஒழுகும் மூக்கு, மூக்கடைப்பு, கண் அரிப்பு, மேலண்ணத்தில் ஊறல். சளிக் காய்ச்சலுக்கும் இதற்கும் வேறுபாடு யாதெனில், சளி ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். இது வாரக்கணக்கில் நிற்கும். சளியில் உடம்பு வலியும் காய்ச்சலும் வரலாம். இதிலே அரிப்பே மிகுதி.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நம் உடம்பிலே நோய்க்கிருமிகளைத் தடுக்கும் காவற்படை ஒன்று உண்டு. அந்தப் படை சிலருக்கு, தீங்கற்ற பூந்துகளையோ வீட்டுத் தூசியையோ பகைவனென்று தவறாக எண்ணிவிடுகிறது. உடனே மூக்கின் உள்தோலில் உள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிப்படுத்துகின்றன. அரிப்பும் நீரும் தும்மலும் அதன் விளைவு. 1906ஆம் ஆண்டு வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே இத்தகைய மாறுபட்ட எதிர்ச்செயலுக்கு அலர்ஜி என்று பெயரிட்டார். திருடனை விட்டுவிட்டுத் தபால்காரரைப் பிடித்துக் கட்டிப் போடும் காவற்காரனைப் போன்றது இந்நோய்.

தம்மையே ஆராய்ந்த இருவர்

இந்நோயின் வரலாற்றிலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஜான் பாஸ்டாக் என்பவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்த மருத்துவர். எட்டு வயது முதல் ஒவ்வொரு கோடையிலும் கண்ணும் மூக்கும் அவரைப் படுத்தின. 1819ஆம் ஆண்டு லண்டன் மருத்துவச் சங்கத்திலே அவர் ஒரு நோயாளியின் வரலாற்றைப் படித்தார். அந்த நோயாளி அவரே. இரத்தம் எடுத்தல், குளிர்ந்த நீராட்டு, அபின் எனப் பலவற்றையும் அவர் தம் உடம்பிலே செய்து பார்த்திருந்தார். ஒன்றும் நிலையான பயன் தரவில்லை. பின்னர்க் கடலோரத்து ராம்ஸ்கேட் என்னும் ஊரில் கோடையைக் கழித்தபோது அவருக்கு நோய் தணிந்தது. 1828இல் தம்மைப் போன்ற 28 பேரைப் பற்றி எழுதினார். ஆயினும் கோடை வெப்பமே காரணம் என்று அவர் கருதினார்.

உண்மைக் காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் நகரத்துச் சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயாளியே. வெப்பமா, தூசியா, பூந்துகளா என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே எடுத்துத் தம் மூக்கிலும் கண்ணிலும் சோதித்தார். புல்லின் பூந்துகளைத் தோலைச் சிறிது கீறி வைத்தபோது தடிப்பு எழுந்தது. காற்றாடியைப் பறக்கவிட்டு, வானத்து உயரத்திலும் பூந்துகள் மிதப்பதைக் காட்டினார். 1873இல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார்.

பெரியோர்களே, இவ்விருவரும் பிறர் சொன்னதைக் கேட்டு ஓயவில்லை. தம் உடம்பையே ஏடாகக் கொண்டு படித்தார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்தார் பிளாக்லி; ஆதலின் காரணம் அகப்பட்டது. நோயின் முதலைத் தேடிப் பிறகு தணிக்கும் வழியைத் தேடச் சொன்ன வள்ளுவர் வழியும் இதுவே.

நம் ஊரின் காரணங்கள்

இங்கிலாந்திலே புல்லின் பூந்துகள் என்றால், சித்தூரிலும் திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் வாழும் நமக்கு எது?

முதலாவது பார்த்தீனியம். தெலுங்கிலே இதற்கு வய்யாரி பாமா என்று பெயர். ஒயில் மிக்க பெண் என்று பொருள். இத்துணை அழகிய பெயரை இத்துணைப் பொல்லாத செடிக்கு யார் வைத்தாரோ! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடி 1950களில் புனே நகரிலே கண்டறியப்பட்டு, நாடெங்கும் பரவியது. சாலையோரமும் தண்டவாளத்தோரமும் இதற்குத் தாய் வீடு. மழை விழுந்ததும் முளைத்து, ஒன்றரை மாதத்திற்குள் சிறு வெண்பூக்களைக் காட்டத் தொடங்கும். இதன் பூந்துகள் மூக்கு நோய்க்கு ஒரு காரணம் என்பதைப் பெங்களூரில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலருக்கு இச்செடி தோலில் பட்டாலும் புண்ணாகும். இதைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டொன்றை 1984இல் பெங்களூரிலே கொண்டுவந்து விட்டார்கள். வண்டு தின்னத்தான் தின்கிறது. செடியோ முளைக்கத்தான் முளைக்கிறது.

இரண்டாவது சீமைக்கருவேலம். 1870களில் விறகுக்காகக் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்திலே விதைக்கப்பட்ட மரம் இது. இன்று ஏரிக்கரையெல்லாம் அதன் ஆட்சியே. இதன் பூந்துகளும் ஒவ்வாமை தருவதே. இங்கே இதைச் சர்க்கார் தும்ம என்கிறார்கள். தெலுங்கிலே தும்ம என்றால் கருவேலமரம். தும்மு என்றால் தும்மல். மொழியே நம்மை எச்சரிக்கிறது போலும்!

மூன்றாவது, ஆண்டு முழுதும் நம்மோடு ஒரே பாயில் படுத்திருக்கும் பகைவன். வீட்டுத் தூசியில் வாழும் தூசிச் சிற்றுண்ணி அது; கண்ணுக்குத் தெரியாதது. தலையணையிலும் மெத்தையிலும் நாம் உதிர்க்கும் தோற்செதில்களைத் தின்று வாழ்கிறது. இதன் கழிவே தும்மலைத் தூண்டுகிறது. 1960களில் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் இவ்வுண்மையை நிலைநாட்டினார்கள். மழைக்காலத்து ஈரத்திலே இது பெருகும். ஈரச் சுவரின் பூஞ்சைக் காளானும், பூனை நாயின் பொடுகும், கரப்பானின் கழிவும் இதன் கூட்டாளிகள்.

இங்கே மாமரத்திற்காக நான் சற்று வாதாட வேண்டும். சித்தூர் மாவட்டம் மாங்கனிக்குப் பேர் பெற்றது. தை, மாசியிலே தோப்பெல்லாம் பூத்து மணக்கும்போது தும்மல் வந்தால், எல்லாரும் மாம்பூவின் மேல் பழி போடுகிறார்கள். ஆனால் மாம்பூந்துகள் ஒட்டும் தன்மையுடையது. பெரும்பாலும் ஈயும் பூச்சியுமே அதைச் சுமக்கின்றன. தோப்பின் நடுவே வாழ்கிற சிலருக்கு அதுவும் ஒவ்வாமல் போகலாம். எனினும் காற்றிலே நெடுந்தொலைவு பறப்பது களையின் பூந்துகளும் புல்லின் பூந்துகளுமே. அமெரிக்காவிலும், கண்ணைக் கவரும் மஞ்சள் மலரொன்று பழியைச் சுமக்க, அதே பருவத்தில் பூக்கும் பார்த்தீனியத்தின் உறவுக்களை ஒன்றே குற்றவாளியாக இருந்தது. கண்ணுக்குத் தெரிவதைக் குற்றம் சாட்டுவது எளிது. ஆதலினால்தான் கணக்கு வேண்டும் என்கிறேன்.

போகிப் புகை, சாம்பிராணி, ஊதுவத்தி, வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகை, தாளிக்கும் மிளகாய் நெடி இவையெல்லாம் வேறு இனம். இவை எவர் மூக்கையும் உறுத்தும். முன்பே புண்பட்ட மூக்கை மிகுதியாக உறுத்தும். உறுத்தல் வேறு, ஒவ்வாமை வேறு.

தும்மல் பேரேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தேதி, இரவு எங்கே படுத்தோம், காலையில் என்ன வேலை செய்தோம், மழையா வெயிலா, தும்மல் எவ்வளவு, மூக்கடைப்பு எவ்வளவு, கண் அரிப்பு எவ்வளவு, என்ன மருந்து எடுத்தோம் என்பவை தலைப்புகள். அளவுக்கு 0 முதல் 3 வரை எண் போதும். இல்லையெனில் 0, சிறிது 1, நடுத்தரம் 2, தாங்கவியலாதது 3. இரவு படுக்குமுன் இரண்டு நிமிடம். நான்கு வாரம் எழுதுங்கள்.

நம் காலனி அம்மையார் ஒருவர் இவ்வாறு எழுதினார். அதுவரை அவர் தயிரைக் குற்றம் சொல்லி, ஓராண்டாகத் தயிர் தொடாமல் இருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தால், 3 என்னும் எண் விழுந்த நாட்கள் யாவும் ஒட்டடை அடித்த நாட்களாகவும் பழைய கம்பளியை எடுத்த நாட்களாகவும் இருந்தன. தயிருக்கு விடுதலை கிடைத்தது. தானிய மூட்டைகளுக்கிடையே வேலை செய்யும் அன்பர் ஒருவருக்கு வேலை நாட்களில் 2, விடுமுறை நாட்களில் 0. வேறொருவர் பத்து நாள் ஊருக்குப் போய்வந்தார். பத்து நாளும் 0. திரும்பிய மறுநாள் 3. அவர் பாஸ்டாக்கின் கடற்கரையைக் கண்டுகொண்டார். வீட்டிலே தேட வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டார்.

காரணம் ஓரளவு புலப்பட்ட பின்னரே மருந்து. அதிலும் ஒரு நேரத்தில் ஒன்று. திங்களன்று தூதுவளை, செவ்வாயன்று மாத்திரை, புதனன்று மூக்குச் சொட்டு, வியாழனன்று நேர்த்திக்கடன் என்று போனால், வெள்ளியன்று தணிந்த தும்மலுக்கு யாருக்கு நன்றி சொல்வது? ஒன்றைத் தொடங்கினால் இரண்டு வாரம் அதையே செய்து, எண்ணைப் பார்த்துப் பிறகு முடிவு கட்டுங்கள்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. இந்நோய் தானாக ஏறித் தானாக இறங்குவது. மிக அதிகமாக இருக்கும் நாளிலேதான் நாம் மருந்தைத் தேடி ஓடுகிறோம். அதன் பிறகு எப்படியும் இறங்கத்தானே வேண்டும்? மழை நிற்கும் நேரத்தில் குடை வாங்கியவன், குடையால் மழை நின்றது என்று சொல்வது போலாகிவிடும். பக்கத்து வீட்டார் மெய்யாகவே குணமடைந்திருக்கலாம். ஆயினும் அவர் மருந்தால் குணமடைந்தாரா, பருவம் முடிந்ததால் குணமடைந்தாரா என்பதை ஒரு முறை கண்டு சொல்ல முடியாது. அடுத்த பருவத்திலும் பார்க்க வேண்டும்.

மருந்துகளை வரிசையாகப் பார்ப்போம்

முதலில் வீட்டு வைத்தியம். சுக்குமல்லிக் காப்பியும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம் தரும். நோயின் முதலை மாற்றும் என்பதற்குச் சான்றில்லை. இதம் தருவதும் ஒரு பயனே, தாராளமாகப் பருகுங்கள். நொச்சியிலை போட்டு ஆவி பிடித்தால் அடைப்புச் சற்று நேரம் இளகும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையைப் போர்வைக்குள் அமர்த்தாதீர்கள். வெந்நீர் கவிழ்ந்து வெந்த குழந்தைகள் உண்டு. மஞ்சளைச் சுட்டு அந்தப் புகையை இழுப்பது பழைய வழக்கம். ஏற்கெனவே புண்ணான மூக்குக்குப் புகை பகையே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது யோகிகள் ஜலநேதி என்று செய்துவந்தது. இன்றைய மருத்துவரும் இதை ஏற்கிறார்கள். பூந்துகளையும் தூசியையும் கழுவி வெளியேற்றுவதால் பலருக்கு ஓரளவு தணிகிறது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூய உப்புப் போதும். நீர் மட்டும் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருத்தல் வேண்டும். குழாய் நீரையோ குளத்து நீரையோ அப்படியே மூக்கிலேற்றினால், அதிலிருக்கக்கூடிய அமீபா ஒன்று அரிதாக மூளையைத் தாக்கி உயிரைக் கொள்ளும். பாத்திரமும் தூய்மையாக இருக்கட்டும்.

உள்ளூர்த் தேன் குடித்தால் பூந்துகள் பழகிவிடும் என்பார்கள். தேனீ சுமப்பது பெரும்பாலும் மலர்களின் கனத்த துகளை. நம்மை வருத்துவதோ காற்றிலே பறக்கும் துகள். தேன் இனிக்கும், அவ்வளவே. ஐதராபாத்திலே மிருகசீரிஷக் கார்த்தியன்று பத்தினி குடும்பத்தார் ஆஸ்துமாவுக்கென உயிர் மீனில் மருந்து வைத்து விழுங்கத் தருகிறார்கள். 1845 முதல் வரும் வழக்கம் என்கிறார்கள், காசும் வாங்குவதில்லை. நம் பக்கத்திலிருந்தும் சென்று வருவோர் உண்டு. அவர்களுடைய நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. முறையான மருத்துவ ஆய்வு எதுவும் அதன் பயனை மெய்ப்பிக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். அங்கே போகிறவர் தம் வழக்கமான இழுப்பு மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்றும் வேண்டுவேன்.

அடுத்து டாக்டர் மருந்துகள். ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்தை 1937இல் கண்டறிந்தவர் டேனியல் போவே. அவருக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. இம்மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் நன்கு அடக்கும். அடைப்பை அவ்வளவாக நீக்கா. பழைய வகை மாத்திரைகளான குளோர்பெனிரமின், பெனிரமின் முதலியவை உறக்கம் தரும். செட்டிரிசின் சிலருக்கு உறக்கம் தரும். லோரட்டடின், பெக்சோபெனடின் ஆகியவை மிகக் குறைவாகவே உறக்கம் தரும். பெக்சோபெனடினைப் பழச்சாற்றுடன் விழுங்கினால் பயன் குறையும். தண்ணீருடன் விழுங்க வேண்டும். ஒருவருக்கு ஒத்த மாத்திரை மற்றவருக்கு ஒக்காது போவது இதிலே இயல்பு.

நாள்தோறும் தொல்லைப்படுவோர்க்கு மூக்கிலே தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தே மிகுந்த பயன் தருவது என்பது மருத்துவர்களின் முடிவு. பெயரைக் கேட்டதும் அஞ்சுகிறோம். மூக்கில் தெளிக்கும் அளவு மிகச் சிறியது. உடம்புக்குள் செல்வது அதினும் சிறியது. பயன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். இரண்டு நாளில் பயனில்லை என்று ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுகிறோமே, அதுதான் கூடாது. தெளிக்கும் முறையும் உண்டு. தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது மூக்கிலும் இடக்கையால் வலது மூக்கிலும் பிடித்து, நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் நோக்கித் தெளிக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் கசியும்.

அடைப்பை நொடியில் திறக்கும் மூக்குச் சொட்டு மருந்துகள் வேறு. அவற்றை ஐந்து நாளுக்கு மேல் போடலாகாது. போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அதை நீக்க மீண்டும் மருந்து என்று கடன்பட்டவன் வட்டிக்குக் கடன் வாங்கிய கதையாகும்.

எதுவும் பயன்படாதவர்க்குத் தோலிலே ஊசி முனையால் சோதித்து, எது ஒவ்வவில்லை என்று கண்டு, அதையே சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கும் மருத்துவம் உண்டு. 1911இல் லண்டனில் லெனர்டு நூன் தொடங்கிவைத்த முறை இது. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். பொறுமையும் செலவும் வேண்டும். தேர்ந்த மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும். அத்தகைய டாக்டரிடம் போகும்போது உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று அவருக்கு அது வழி காட்டும்.

மருந்தில்லா மருந்தும் உண்டு. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் துவைத்தல், மெத்தையை நம் ஊர் வெயிலிலே காயப்போடுதல், உலர்ந்த துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தல், பெருக்கும்போது முகக்கவசம் அணிதல், வெளியே சென்று வந்ததும் முகமும் கையும் கழுவுதல் ஆகியவை அம்மருந்துகள். 2020இல் பெருந்தொற்றுக்காக வாங்கிய முகக்கவசம் அலமாரியில் மீதியிருந்தால் இதற்கு உதவட்டும்.

உறக்கமும் உயிரும்

இப்போது நான் சொல்லப்போவது ரயில்வேக் குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. இந்தத் தும்மலால் எவரும் சாவதில்லை. ஆனால் தும்மலுக்கு விழுங்கிய மாத்திரையால் கண் செருகினால் பலர் சாகலாம். லோகோ பைலட், ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், கேட்மேன் ஆகிய ஒவ்வொருவருடைய விழிப்பிலும் ஆயிரம் பயணிகளின் உயிர் இருக்கிறது. திருமலைக்கு முடி காணிக்கை செலுத்தக் குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் அவர்கள். கடையிலே ஜலதோஷத்துக்கென்று கேட்டால் கிடைக்கும் கலப்பு மாத்திரைகள் பலவற்றில் அந்தப் பழைய உறக்க மருந்தே இருக்கிறது. இரவு போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் நிற்கும். தமக்கு மந்தமில்லை என்று நினைப்பவருக்கும் கை வேகம் குறைந்திருக்கும்.

ஆகவே டியூட்டிக்குச் செல்லும் எவரும் கடையில் தாமே மாத்திரை வாங்க வேண்டாம். ரயில்வே டாக்டரிடம் தம் வேலை இன்னது, டியூட்டி நேரம் இன்னது என்று சொல்லி, உறக்கம் தராத மருந்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய மாத்திரை எதையும் முதன்முதலாக ஓய்வு நாளிலே சோதித்துப் பாருங்கள். வீட்டுத் தாய்மார்களே, கணவருடைய சாப்பாட்டுப் பையைக் கட்டும்போது, அவர் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை எது என்றும் ஒரு முறை கேளுங்கள்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்நேரமும் மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்க்கும் பிள்ளை, வாயைத் திறந்து உறங்கும் பிள்ளை, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பிள்ளை, வகுப்பிலே தூங்கி வழிவதாக ஆசிரியர் குறை கூறும் பிள்ளை சோம்பேறியாகவோ மந்தமாகவோ இல்லாதிருக்கலாம். இரவெல்லாம் மூக்கடைப்பால் உறக்கம் கெட்ட பிள்ளையாக இருக்கலாம். அடிக்கடி சளி என்று கிருமிக்கொல்லி மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் ஒவ்வாமை நீங்காது. இரவிலே இருமலும் நெஞ்சிலே வீசிங் என்னும் விசில் ஒலியும் சேர்ந்தால் காத்திராதீர்கள். மூக்கின் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உடன்பிறந்தவை. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம் கலந்த சளி, காய்ச்சல், மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் செல்லுங்கள். திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரியும் சுவிம்ஸும் இருக்கின்றன. சித்தூரார்க்கு வேலூர் எட்டும் தொலைவே.

வேண்டுகோள்

நிறைவாக, சங்கத்தாருக்கும் காலனிக் குடும்பங்களுக்கும் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, மழை தொடங்கிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வய்யாரி பாமா பூப்பதற்கு முன்னே, நம் இளைஞர்களும் தெலுங்கு நண்பர்களும் ஒன்றுகூடிக் காலனியைச் சுற்றியுள்ள செடிகளை வேரோடு களைய வேண்டும். கையுறையும் முகக்கவசமும் இன்றி எவரும் அதைத் தொடலாகாது. தும்மல் உள்ளவர்கள் அன்று செடியருகே போகாமல் காப்பி போடும் பொறுப்பை ஏற்கலாம். காற்றுக்குத் தமிழ் வீடு, தெலுங்கு வீடு என்னும் வேற்றுமை இல்லை, பூந்துகளுக்கும் இல்லை.

இரண்டு, தும்முகிற ஒவ்வொருவரும் இந்த ஆண்டு ஒரு நோட்டுப் போட வேண்டும்.

மூன்று, தமக்குப் பலித்த மருந்தைப் பிறருக்குச் சொல்லும்போது, "எனக்கு இது ஒத்தது, நீங்களும் டாக்டரைக் கேட்டு, எழுதிப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அன்பினால்தான் ஆளுக்கொரு மருந்து சொல்கிறோம். அந்த அன்போடு கணக்கும் சேர்ந்தால் அது மற்றவருக்கு உண்மையாகவே உதவும்.

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுக்கும் அண்ணன் தம்பிக்கே மூக்கு வேறு, மருந்தும் வேறு. அவரவர் மூக்குக்கு அவரவர் மருந்து. அதைத் தேடிக் காணும் பொறுமை அனைவருக்கும் வாய்க்கட்டும்.